என் பெயரில் விழுந்த சீட்டு

ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் நான் இருக்கும் அறைக்கு நேர் கீழே ஒரு தமிழ்க்கடை. கடை ஒருவருடையது. மேல்வீட்டில் வாடகைக்கு விட்டிருக்கும் இரண்டு அறைகளும் அவருடையவை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பரிசுச் சீட்டிழுப்பு நடத்துபவரும் அவரேதான். ஒரே ஆள் அரிசியும் விற்று, அறையும் கொடுத்து, அதிர்ஷ்டமும் கொடுக்கிறார் என்றால் எங்கேயோ ஒரு சுத்துமாத்து இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு அப்போது நான் வெட்கப்படவில்லை.

சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம். போதாக்குறைக்கு, அந்தக் குளிர்காலம் முழுவதும் நூலகத்துக் கணினியில் பழைய பத்திரிகைகள் படித்துக்கொண்டிருந்தேன். நோர்வேயின் வடக்கே மீன் ஆலையில் முதுகு தேயும்வரை வேலை செய்துவிட்டு ஒஸ்லோவுக்கு வந்தவனுக்குப் பகலில் வேறென்ன வேலை? பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் ஆண்ட கொழும்பின் விளம்பரப் பக்கங்கள்தான் எனக்குப் பிடித்தவை. கப்பலில் வந்திறங்கிய வைனும் குதிரைச் சேணமும் விற்பனைக்கு. அதன் கீழே, கனவான்கள் தங்க அறைகள் உண்டு. அதற்கும் கீழே, சங்கிலியோடு ஒரு தங்கக் கடிகாரம் சீட்டிழுப்பில். மூன்றின் அடியிலும் ஒரே விலாசம். ஒரு மாதத்துப் பத்திரிகைகளைப் புரட்டினேன். சீட்டு வாங்கச் சொல்லி வாரம் தவறாமல் விளம்பரம் இருந்தது. கடிகாரம் யாருக்கு விழுந்தது என்று மட்டும் ஒரு வரியும் இல்லை. பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பக்கத்து அறையில் இருந்தவன் மட்டக்களப்பான். நாற்பதை நெருங்கும் வயது, ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் என்னை ‘அண்ணை’ என்பார்கள், அவன் ‘அண்ணன்’ என்பான். எங்கள் இருவருக்கும் பொதுவான குளிர்பெட்டியில் நான் என் பால் பெட்டிமேல் என் பெயரை எழுதி வைப்பேன். அவன் தன் சட்டிமேல் ‘மீன் கறி, அண்ணனும் எடுக்கலாம்’ என்று எழுதி ஒட்டுவான். வலப்பக்கம் விழுந்துவிடுவதுபோல் சாய்ந்த எழுத்து. சும்மா கிடக்கிறவனுக்கு ஏன் மீன் கறி தருகிறான் என்று யோசித்துக்கொண்டே சாப்பிடுவேன். கறி நன்றாகத்தான் இருக்கும்.

ஊரில் அவன் தாய்க்குக் கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. போனது திரும்பாது, மிச்சமும் அதிக நாள் நில்லாது என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். சம்பளம் வீட்டுக்கும் மருந்துக்குமே போதாமல் இருந்தது. “அம்மாக்கு என்ர முகம் தெரியக்குள்ள ஒருக்காப் போய் முன்னுக்கு நிக்கணும் அண்ணன்” என்று அடிக்கடி சொல்வான். அந்த வருடச் சீட்டிழுப்பின் பரிசு, கொழும்புக்குப் போய்வர ஒரு விமானப் பயணம்.

சாமான் வாங்கும்போதெல்லாம் ஒரு துண்டு தருவார்கள். பெயர் எழுதிப் பெரிய பிஸ்கட் தகரத்தில் போட வேண்டும். எனக்குக் கிடைத்த துண்டுகளை எல்லாம் நான் குப்பையில் போட்டேன். களவில் எனக்குப் பங்கு வேண்டாம்.

ஒருநாள் சமையலறையில் அவன் கேட்டான்: “அண்ணன், ஒங்கட நட்சத்திரம் என்ன?”

“திருவோணம். ஏன்?”

விரல் மடித்து எண்ணினான். “மகரம். ஒங்களுக்கு ஏழரைச் சனி விட்டுட்டு. எனக்குத்தான் ஜென்மத்துல வந்து குந்தியிருக்கு.” பிறகு, ஏதோ யோசித்தவன்போல், என் முழுப்பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டான்.

சொன்னேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். முழுப்பெயர் எதற்கு? என் பெயரில் கைபேசி இணைப்பு எடுக்கப்போகிறானா? அடுத்த நாளிலிருந்து தபால்பெட்டியை அவனுக்கு முதல் நான் போய்த் திறந்தேன்.

சீட்டிழுப்புக்கு ஒரு கிழமை இருக்கும்போது, கடையில் சனம் நிறைந்திருந்த நேரம் பார்த்துக் கடைக்காரரிடம் கேட்டேன்.

“தம்பி, போன வருசம் ஆருக்கு விழுந்தது?”

“குரோருட்டிலை இருக்கிற ஒரு அக்காவுக்கு.”

“உங்களுக்குச் சொந்தமோ?”

“மச்சாளின்ரை சிநேகிதி” என்றார். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்கு அது போதும். “இந்த முறை ஒரு சட்டம் வையுங்கோ. விழுந்த ஆள் எல்லாருக்கும் முன்னாலை தன்ரை பேரை எழுதிக் காட்டவேணும். துண்டிலை இருக்கிற எழுத்தோடை ஒத்துப்போனால்தான் பரிசு.”

அவர் உடனே தலையாட்டினார். “ஓம் அண்ணை, அப்பிடியே செய்வம்.”

ஒரு சொல்லும் எதிர்த்துச் சொல்லாமல் சம்மதித்தாரே, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சீட்டிழுக்கும் சனிக்கிழமை மத்தியானம் கடைக்குள் நிற்க இடமில்லை. துண்டெடுக்க, வழக்கமாக இஞ்சி வாங்க வரும் ஒரு நோர்வேக்காரப் பெண்மணியைக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளைக்காரக் கை பட்டால் நேர்மை என்று எங்கள் சனத்துக்கு இன்னும் ஒரு எண்ணம். கடைக்காரர் முதலில் என் சட்டத்தை உரத்துச் சொன்னார். வேலையிலிருந்து நேரே வந்து அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற என் மட்டக்களப்பானுக்கு அதைக் கேட்டதும் முகம் செத்துப்போயிற்று. இவனும் கூட்டு என்று அந்தக் கணமே முடிவு கட்டினேன்.

அந்தப் பெண்மணி எடுத்துக் கொடுத்த துண்டைக் கடைக்காரர் வாசித்தார். என் பெயர்.

ஒரு துண்டும் போடாதவனுக்குப் பரிசு! என் வாயை அடைக்க இவர் போட்ட திட்டம் என்றுதான் முதலில் தோன்றியது. பின்னால் யாரோ, “தானே சட்டம் போட்டுத் தானே வெண்டிட்டார்” என்றார்கள். கடைக்காரர் பேனையையும் ஒரு மட்டையையும் நீட்டினார். “எழுதுங்கோ அண்ணை.”

எழுதினேன். என் எழுத்து நிமிர்ந்து நின்றது. துண்டில் இருந்த பெயர் வலப்பக்கம் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. யாருடைய எழுத்து என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் சட்டிமேல் பார்க்கிற எழுத்தல்லவா?

கடைக்காரர் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: “குளிருக்குக் கை விறைச்சால் எழுத்து மாறும்தானே அண்ணை. நீங்கள் எழுதினது எண்டு சொன்னால் காணும்.”

அந்த மனிதர் எனக்கு ஒரு வாசல் திறந்துவிட்டார். எனக்கோ என் மானம் பெரிதாக இருந்தது. “இது என்ரை எழுத்தில்லை” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். “ஆரோ என்ரை பேரைக் களவெடுத்து எழுதியிருக்கிறாங்கள்.”

“எழுதினது ஆரெண்டாலும் சொல்லுங்கோ, அவையளுக்கே குடுப்பம்” என்றார் கடைக்காரர். மட்டக்களப்பான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். களவு என்று நான் பெயர் வைத்துவிட்ட பிறகு யார் கை தூக்குவார்கள்? நானும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைப் பெரிய பெருந்தன்மை என்று அப்போது எண்ணிக்கொண்டேன். இரண்டாம் முறை எடுத்த துண்டு திராமன் நகரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தினுடையது. பெயர் எழுதிக் காட்டினார்கள், ஒத்துப்போயிற்று, எல்லோரும் கைதட்டினார்கள்.

மேலே வந்ததும் அவனைப் பிடித்தேன். “என்ரை பேரை வைச்சு என்ன விளையாட்டு?”

“எனக்குச் சனி அண்ணன்” என்றான். “என்ர பேர்ல எழுதினா விழாது. அதான் கிடைச்ச துண்டெல்லாம் ஒங்கட பேர்ல போட்டன். விழுந்தா நீங்க எனக்குத் தருவீங்கதானே எண்டு நெனச்சன். முதலே சொன்னா ராசி கெட்டிரும் எண்டுதான் சொல்லல்ல.”

தருவீங்கதானே என்று நினைத்தானாம். இரண்டு வருடம் ஒரே குளிர்பெட்டியில் பாலுக்குப் பெயர் எழுதி வைத்தவனைப் பற்றி அப்படி நினைத்திருக்கிறான். அந்தப் பயணத்தை வாங்கிக் கொடுக்க என்னிடமும் வழி இல்லை. மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போது நினைவில்லை. கேட்டிருக்க மாட்டேன்.

அதற்குள் அவன் கைபேசி அடித்தது. தாய். முடிவு கேட்கக் காத்திருந்திருக்கிறார். நடந்ததில் என் பங்கை விட்டுவிட்டு, “அண்ணன்ட பேருக்கு விழுந்ததுதான் அம்மா, எழுத்துப் பிழைச்சுப் போச்சு. அடுத்த வருசம் பாப்பம்” என்றான். பிறகு கைபேசியை என்னிடம் நீட்டினான். “ஒங்களோட கதைக்கணுமாம்.”

திரையில் ஒரு மெலிந்த முகம் எனக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

“மகன், ஒங்கட பேருக்குத்தானாமே விழுந்திருக்கு. நல்ல ராசியான பேர். அடுத்த வருசமும் அந்தப் பேரையே போடச் சொல்லியிருக்கன். எங்க, முகத்தக் காட்டுங்க, பாப்பம்.”

கைபேசியை முகத்தருகே கொண்டுபோனேன்.

“கிட்ட வாங்க” என்றார். கொண்டுபோனேன்.

“இன்னும் கிட்ட.”