எஞ்சின் மூடிக்கு நாடா வைத்தது

1. முதல் நாள்

அறுபதுகளின் கடைசியில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் தையல் வேலைக்குச் சேர்ந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதுவரை கரமனையில் வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். சீட் கவரும் ஜன்னல் திரையும் தைக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் படுக்கையில் இருந்த காலம். இந்த வேலையை விட்டால் அடுப்பு எரியாது. ஆனால் ஆண்கள் முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. எதைக் கேட்டாலும் தலையாட்டுவேன்.

சூப்பர்வைசர் பிள்ளை சார் மலையாளி. என்னிடம் பேசுவது தமிழ் என்று அவர் நினைப்பு. முதல் நாளே என்னை வெளியே நின்ற புரப்பல்லர் விமானத்தின் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"கமலம், இந்த எஞ்சினுக்கு ஒரு கவர் வேணம். பழசு கீறிப்போயி. பம்பாயில இருந்து புதுசு வர மாசக்கணக்காவும். தைக்கப் பற்றுமா, முடியுமா?"

தலையாட்டினேன்.

"எதுக்குன்னு அறியாம தைக்க வேண்டா. கேளு."

2. ஸ்டவ்வும் முறமும்

"வீட்டில பம்ப் ஸ்டவ் உண்டல்லோ? நீ காத்தடிச்சாத்தானே நல்லா எரியும்? இதுவும் அது போலத்தான். ஆனா இது தனக்குத்தானே காத்தடிச்சுக்கும்."

புரப்பல்லருக்குப் பின்னால் வளையமாகத் தெரிவதுதான் எஞ்சினின் வாய். அதில் போகிற காற்றை உள்ளே சுழலும் சக்கரங்கள் அமுக்கும். அமுங்கிய காற்றில் எண்ணெயைத் தெளித்து எரிப்பார்கள். சூடான புகை பின்பக்கம் பாயும்போது டர்பைன் என்ற சக்கரத்தைச் சுற்றிவிடும். டர்பைனின் பலத்தில் ஒரு பங்கு முன்னால் காற்றை அமுக்கப் போய்விடும். மிச்சம் கியர் வழியாக வேகம் குறைந்து புரப்பல்லருக்கு வரும். ஜெட் விமானத்தைப் புகை பாய்வதே தள்ளும். இதில் புகை தள்ளுவது கொஞ்சம்தான், இழுப்பதெல்லாம் புரப்பல்லர்.

அதன் பிளேடுகள் நின்ற இடத்திலேயே திரும்பக்கூடியவை. அதையும் சார் சொன்னார்.

"கடல்காத்தில மொறம் பிடிச்சிட்டு நடந்திருக்கியா? ஓரம் காத்துக்கு நேரே இருந்தா ஒண்ணுமில்ல. பரப்பைக் காட்டினா ஆளையே தள்ளும்."

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது பிளேடு காற்றை வெட்டாமல் வழுக்கிச் சுற்றும். பறக்கும்போது திரும்பிக் காற்றைக் கடித்து இழுக்கும். வானத்தில் எஞ்சின் நின்றுபோனால் முறத்தின் ஓரம் மாதிரி எதிர்காற்றுக்கு நேராகத் திரும்பிவிடும். இல்லாவிட்டால் விமானத்தையே பின்னுக்குப் பிடித்து இழுக்குமாம்.

விமான நிலையத்தை ஒட்டிய சங்குமுகத்துக் கடல்காற்று சும்மா நிற்கும் புரப்பல்லரையும் சுற்றும். அதற்கு ஒரு பிளேடில் பட்டை போட்டுக் கட்டுவார்கள். வாய்க்குள் மணல் போகாமலும் மைனா கூடு கட்டாமலும் இருக்கத்தான் மூடி.

3. ஹூக்

எனக்குத் தெரிந்தது ஜாக்கெட். ஏணியில் ஏறி அளவெடுத்து, கித்தானில் பிடிப்பாக வெட்டி, வரிசையாக ஹூக் வைத்துத் தைத்தேன். மாட்டிப் பார்த்தால் சுருக்கம் ஒன்றுகூட இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

ராத்திரி மழை பெய்தது. காலையில் கித்தான் நனைந்து சுருங்கி, ஒரு ஹூக்கும் கழலவில்லை. மெக்கானிக் செல்லையா அண்ணன், நாகர்கோவில்காரர், ஏணியில் நின்று மல்லுக்கட்டினார். "ஏ தங்கச்சி, எஞ்சினுக்கு மூச்சு முட்டுதும்மா!" என்று கத்திவிட்டுக் கடைசியில் கத்தியால் கிழித்தார். விமானம் தாமதமாகக் கிளம்பியது.

பிள்ளை சார் கோபத்தில் சிவந்திருந்தார். "எந்தா இது? ஒராளு, ஏணி இல்லாம, கீழ நின்னு எடுக்கணும். காத்தில பறக்கவும் படாது. இன்னும் ஒரு தடவை பார்ப்பேன். சரியாவலேன்னா கமலம் வீட்டில இருந்து ஜாக்கெட் தைச்சா போதும்."

தலையாட்டினேன். கண்ணில் நீர் முட்டியது.

4. நாடா

மறுநாள் விடிகாலை கரமனை ஆற்றில் குளிக்கப் போனேன். பெண்கள் துறையில் எல்லோரும் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டித்தான் முங்குவோம். ஆற்றின் இழுப்புக்கு அது அவிழக் கூடாது. கரையேறியதும் ஈரத்தோடு ஒரே இழுப்பில் அவிழவும் வேண்டும். அதனால் முடிச்சு போட மாட்டோம். நாடாவின் ஒரு நுனியை மடித்து, சுருக்காகச் செருகி இறுக்குவோம்.

தண்ணீருக்குள் நின்றபடியே என் பாவாடைச் சுருக்கை இழுத்துப் பார்த்தேன்.

புதுக் கித்தானை முதலில் நனைத்துக் காயவைத்தேன். சுற்றிக் கட்டுகிற மாதிரி தாராளமாக வெட்டி, விளிம்பை மடித்து உள்ளே தட்டை நாடா கோத்தேன். அதே சுருக்குப் போட்டு, தொங்குகிற நுனியில் சிவப்புத் துணி வைத்தேன். அன்று ராத்திரியும் மழை, காற்று. எனக்குத் தூக்கமில்லை.

காலையில் மூடி இருந்த இடத்திலேயே இருந்தது. செல்லையா அண்ணன் கீழே நின்று சிவப்பு நுனியை ஓர் இழுப்பு இழுத்தார். மூடி வழுக்கி அவர் காலடியில் வட்டமாக விழுந்தது.

"சபாஷ்! இது ஏது மாடல்?" என்றார் பிள்ளை சார்.

பாவாடை என்ற சொல்லை அத்தனை ஆண்கள் நடுவில் எப்படிச் சொல்வேன்? "சாக்கு கட்டுற மாதிரி, சார்" என்றேன்.

செல்லையா அண்ணன் காலடியில் கிடந்த வட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமா சார், சாக்குதான். எங்க வீட்டுலயும் அந்தச் சாக்கு நாலஞ்சு கொடியில தொங்குது!"

சாருக்குப் புரியவில்லை. நான் ஓடிப்போய் மிஷின் முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன். வெளியே எஞ்சின் விசில் அடிப்பது போல மெல்லக் கிளம்பி ஏறியது. மண்ணெண்ணெய் வாசம் உள்ளே வந்தது. வேலை போகாது என்று அப்போதுதான் நம்பினேன்.

5. சாக்கு மாடல்

அந்தப் பெயரே நிலைத்தது. "ஒரு சாக்கு மாடல் தைக்கணும்" என்றுதான் புதிதாக வருகிறவர்களும் கேட்பார்கள். எண்பதுகளில் பிள்ளை சார் ஓய்வு பெற்ற அன்று அவர் மனைவி விமானம் பார்க்க வந்திருந்தார். சார் பெருமையாக நாடாவை இழுத்துக் காட்டினார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் காதில் ஏதோ சொன்னார்.

"கமலம்!" சாரின் குரல் ஓடுபாதை வரை கேட்டிருக்கும். "இத்தன வருஷமா நான் ஏரோப்ளேனுக்குப் பாவாடையா கெட்டினது?"

அன்றும் தலையாட்டினேன்.

அந்த விசில் சத்தத்துக்காக இப்போதும் சில காலைகளில் காது காத்திருக்கிறது. வருவதெல்லாம் ஜெட் இரைச்சல். புதிதாக வேலைக்குப் போகும் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தெரிந்ததை வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால் கையால் செய்துவிடுங்கள். பெயரை யாராவது வைத்துக்கொள்வார்கள்.