இலத்திரன் நிற்காது

உயர்தர வகுப்பில் நான் பௌதிகம் படிப்பிப்பதைப் பார்க்கக் கல்வி அதிகாரி வந்து பின்கதிரையில் இருந்தார்.

“அணுவுக்குள்ளை ஓடுற இலத்திரனுக்குத் திணிவு தாறது ஹிக்ஸ் புலம். இடுப்பளவு தண்ணியிலை வள்ளம் தள்ளுறமாதிரி, புலம் அதை மறிக்குது” என்றேன்.

மண்டைதீவு மீனவர் ஒருவரின் மகள் எழுந்தாள். “சேர், தள்ளுறதை விட்டா வள்ளம் நிண்டிடும். இலத்திரனும் நிண்டிடுமோ?”

நிற்காது. ஓடும் இலத்திரனைப் புலம் நிறுத்தாது. அதன் வேகத்தை மாற்றுவதைத்தான் கடினமாக்கும். என் உவமை பிழை. அது அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதிகாரியின் பேனை காத்திருந்தது.

“இரும் பிள்ளை. பாடத்தைக் குழப்பாதையும்” என்றேன்.

அதிகாரி ‘நல்ல உவமை’ என்று எழுதினார். அவள் கொப்பியில் தன் கேள்வியை அழித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வகுப்பில் என் பிழையை ஒத்துக்கொண்டேன். எல்லோரும் திருத்தி எழுதினார்கள். அவளும் எழுதினாள். அதன்பிறகு அவள் கை உயர்த்தவே இல்லை.