பற்றவைக்காத சுருட்டின் வாசம்

செய்தி வந்தபோது மூன்றாம் பாடவேளை. கணக்கு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தார். வகுப்பு வாசலில் ஒரு வாசம் வந்து நின்றது. இனிப்பும் காரமும் கலந்த புகையிலை வாசம். நிமிர்ந்து பார்க்குமுன்பே எங்கள் சுருட்டுக் கொட்டிலில் இருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுருட்டுச் சுற்றும் வேலாயுதம் அண்ணை சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

"பிள்ளையை ஒருக்கா விடுங்கோ வாத்தியார். பூமணி மோசம் போயிட்டா."

வட்டக்கச்சியில் இருக்கும் எங்கள் வீடு வரைக்கும் அவருடைய சைக்கிளில் பின்னால் இருந்து போனேன். வழி முழுக்க அவருடைய சேட்டில் இருந்து அதே வாசம் வந்துகொண்டிருந்தது. எவருடைய சாவைச் சொல்ல வந்தாரோ, அந்தப் பூமணி மாமி உண்டாக்கிய வாசம் அது. இது வேலாயுதம் அண்ணைக்குத் தெரியாது. அவருக்கு மட்டுமல்ல, ஊரில் எவருக்கும் தெரியாது.

அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பா படுத்திருக்கிறார். அவர் இருமும் ஒவ்வொரு தடவையும் விளக்குத் திரியை உள்ளே இறக்கிவிட்டு இருட்டில் இருக்கிறேன். எழுத்து எங்காவது கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூமணி மாமி என் அப்பாவின் ஒரே தங்கை. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்து இங்கே வந்தபோது, மாமியும் மாமாவும் கூடவே வந்தார்கள். அப்போது நான் கைக்குழந்தை. இரண்டாம் வருடம் காடு வெட்டும்போது மாமாவைப் பாம்பு தீண்டியது. மாமிக்கு அப்போது இருபத்து நாலு வயது. பிள்ளைகள் இல்லை. அன்று முதல் எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

மாமா ஊரில் சுருட்டுச் சுற்றியவர். அவருடைய சேட்டு ஒன்றை மாமி தகரப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் அந்தப் பெட்டியைத் திறந்து பிடிபட்டேன். மாமி ஏசவில்லை. சேட்டை எடுத்து என் மூக்கில் வைத்தார்.

"என்ன மணக்குது?"

"சுருட்டு."

"சுருட்டில்லை. சுருட்டெண்டால் புகை. இது புகையிலை. பத்த வைச்சால் அது ஆம்பிளையளின்ர. பத்த வைக்க முந்தி எல்லாருக்கும் பொது."

மாமி தம் வாழ்நாளில் ஒரு சுருட்டும் புகைத்ததில்லை. வெற்றிலையோடுகூடப் புகையிலை போட்டதில்லை. அவருக்கு வேண்டியது அந்த வாசம் மட்டுந்தான்.

அப்பா வீட்டுக் கோடியில் கொட்டில் போட்டு நாலு பேரை வைத்துச் சுருட்டுச் செய்யத் தொடங்கினார். சுருட்டுக்குரிய புகையிலையை வெறுமனே சுற்றிவிட முடியாது. பனங்கட்டியும் சரக்குகளும் போட்டுக் காய்ச்சிய பாணியை இலையில் தெளித்து, மூடி ஊறவைக்க வேண்டும். சுருட்டு நன்றாக இருப்பதும் இல்லாததும் அந்தப் பாணியில்தான். அப்பாவின் முதல் சுருட்டுகளை வாங்குவாரில்லை. கசந்தன. அந்த வருடம் பனங்கட்டியும் நினைத்த நேரத்தில் குடாநாட்டிலிருந்து வந்து சேரவில்லை.

அது பாலைப்பழக் காலம். மாமி காட்டுக் கரையில் பொறுக்கிய பாலைப்பழத்தைப் பிழிந்து, வடித்து, தேன் பதத்துக்குக் காய்ச்சினார். அதில் கறுவாப் பட்டை, ஏலக்காய், பெருஞ்சீரகம், வேர்க்கொம்பு என்கிற சுக்கு, காய்ந்த தோடம்பழத் தோல். கடைசியில் கராம்பு. ஒருவரிடமும் சொல்லாமல் ஒரு பிடி இலைக்குத் தெளித்து, சிரட்டையால் மூடி வைத்தார். மூன்றாம் நாள் சிரட்டையை நிமிர்த்தி அப்பாவிடம் நீட்டினார். அப்பா மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் நின்று இன்னொருமுறை மணந்தார்.

"ஆர் காய்ச்சினது?"

"ஆரெண்டால் என்ன அண்ணை. நல்லாயிருக்கோ?"

அந்த வாசத்தை எழுத எனக்கு வராது. ஆனாலும் மாமியை அறியாதவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் முயன்று பார்க்கிறேன். முதலில் இனிப்பு வரும். பழம் பழுத்த இனிப்பல்ல, பழம் காய்ந்த இனிப்பு. அது போவதற்குள் கறுவா வரும். இவ்வளவுதான் என்று நினைக்கும்போது கராம்பு வந்து மூக்கின் உள்ளே மெல்லக் குத்தும். எல்லாம் அடங்கிய பிறகு மழைக்கு நனைந்து வெயிலில் காய்ந்த வைக்கோல் போல ஒன்று மிஞ்சும். அதுதான் புகையிலை. "மற்றதெல்லாம் அதைக் கூட்டிக்கொண்டு வாற ஆக்கள்" என்பார் மாமி.

அப்பா அன்றைக்கே கொட்டிலில் சொல்லப் போனார். மாமிதான் கையைப் பிடித்து மறித்தார். அதற்குக் காரணம் இருந்தது. சுருட்டுக்காரரிடம் ஒரு நம்பிக்கை உண்டு. தாலி இழந்தவள் கை வைத்த பாணி புளித்துப்போகும், அந்தக் கொட்டிலில் அடுப்பு நிலைக்காது என்பார்கள். அதை அடிக்கடி சொல்லுகிறவர் வேலாயுதம் அண்ணைதான். தெரிந்தால் நாலு பேரும் அன்றைக்கே ஊருக்கு ரயில் ஏறியிருப்பார்கள்.

"என்ர பேர் வேண்டாம் அண்ணை. சுருட்டு வித்தால் காணும்" என்றார் மாமி.

அதன் பிறகு பத்து வருடங்களாக, சுருட்டுக்காரர் வருமுன்பு விடியற்காலையில் சமையல் செய்யும் குசினிக்குப் பின்னால் மாமி பாணி காய்ச்சுவார். பாலைப்பழச் சாற்றை மட்டும் பழக் காலத்திலேயே காய்ச்சிச் சாடிகளில் அடைத்து வருடம் முழுக்க வைத்துக்கொள்வார். பொழுது ஏறியதும் அப்பா பானையைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குள் போவார். "அண்ணையின்ர பாணி வருது, எழும்பி நில்லுங்கோடா" என்று வேலாயுதம் அண்ணை பகிடி விடுவார். குசினித் தட்டிக்குப் பின்னால் நின்று மாமி சிரிப்பார். பத்து வருடத்தில் ஒருநாளும் பாணி புளிக்கவில்லை.

அவருடைய மூக்கைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பயம். அப்பா வெளியே போய்விட்டு வந்து சால்வையைக் கொடியில் போட்டால், "மாங்குளத்திலை சாப்பாட்டுக் கடையிலை இருந்திருக்கிறியள். வீட்டிலை சோறு காயுது" என்பார். நான் நாவல்பழம் தின்றுவிட்டு வாயை மூன்றுமுறை கொப்பளித்து வந்தாலும் பிடித்துவிடுவார். "நாக்கை நீட்ட வேண்டாம். சட்டைக் கையிலை துடைச்சிருக்கிறாய், மணக்குது."

போன வருடம் தை மாதம் மாமிக்குக் கடும் காய்ச்சல். எழும்ப முடியவில்லை. அப்பா தானே பாணி காய்ச்சினார். அதே பானை, அதே சரக்கு, அதே அளவு. அந்தச் சுருட்டைக் கட்டி முடித்த கிழமை காசிம் நானா வந்தார். முல்லைத்தீவில் இருந்து சரக்குகள் கொண்டுவந்து தந்துவிட்டு, எங்கள் சுருட்டை எடுத்துப் போய்க் கடற்கரையில் விற்பவர் அவர். கட்டுக்குள் இருந்து ஒன்றை உருவி மூக்கின் கீழ் ஒருமுறை இழுத்தார். திரும்பக் கட்டுக்குள்ளேயே செருகிவிட்டார்.

"முதலாளி, இது உங்கட கை இல்லையே."

அப்பாவுக்கு முகம் கறுத்தது. "என்ர கை இல்லாமல் ஆற்ற கை?"

"எனக்கெண்டால் தெரியாது. கராம்பு வாசல்லையே நிண்டு கத்துது. உங்கட சுருட்டிலை அவர் கடைசியாத்தான் வருவார்."

"நானாவுக்குத் தடிமன், மூக்கடைப்பு" என்றார் வேலாயுதம் அண்ணை.

"தடிமன் எனக்கில்லை, உங்கட சுருட்டுக்கு" என்று சொல்லிவிட்டு நானா வெறும் சைக்கிளோடு போய்விட்டார்.

அப்பா அந்தச் சுருட்டோடு உள்ளே வந்து மாமியின் பாயருகே குந்தினார். நான் கசாயம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"பூமணி, நான் என்ன பிழை விட்டனான்?"

மாமி கண் திறக்காமலே மணந்து பார்த்தார். "கராம்பைக் கொதிக்க விட்டிட்டியள் அண்ணை. அடுப்பாலை இறக்கி, விரல் வைச்சால் பொறுக்கிற சூட்டிலை போட வேணும்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். ஆனால் அந்தச் சூடு வருமட்டும் பக்கத்திலை நிண்டு பாத்துக்கொண்டிருக்க வேணும். நீங்கள் நிக்க மாட்டியள்."

அப்பா பிழை சொன்னால் பொறுக்கிறவரல்லர். அன்றைக்குச் சிரித்தார். அடுத்த விடியலில் மாமி போர்வையைச் சுற்றிக்கொண்டு தாமே எழுந்து அடுப்படிக்குப் போனார்.

அடுத்தமுறை வந்த நானா சுருட்டை மூக்கருகே பிடித்தபடி கண்ணை மூடினார். "ம். கை திரும்பி வந்திட்டுது. எங்கை போயிருந்தது முதலாளி?"

"காய்ச்சல்லை கிடந்தது" என்றார் அப்பா.

அப்பாவுக்குத்தான் காய்ச்சல் என்று எல்லாரும் நினைத்தார்கள். மாமி தட்டிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். காய்ச்சலுக்குப் பிறகு அவர் நெஞ்சு பழையபடி தேறவில்லை. ஆனாலும் ஒரு விடியலும் அடுப்பைத் தவற விடவில்லை. கடைசி நாளும் பாணியை இறக்கி வைத்துவிட்டுத்தான், "கொஞ்சம் சரியப்போறன்" என்று அம்மாவிடம் சொல்லிப் படுத்தார். மாமிக்கு வயது முப்பத்தாறு.

செத்தவீட்டில் வழக்கம்போல் வெற்றிலைத் தட்டத்தில் பாக்கும் சுருட்டும் வைத்தார்கள். எங்கள் கொட்டில் சுருட்டு. வந்த ஆண்கள் எல்லாரும் பந்தலின் கீழ் இருந்து அதைப் பற்றவைத்தார்கள். "இந்தப் பாணி உன்ர அப்பாவைத் தவிர ஒருத்தருக்கும் வராது பிள்ளை" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். வேலாயுதம் அண்ணை புகையை விட்டுக்கொண்டு, "பாவம் பூமணி. ஒரு வேலை வெட்டி இல்லாமல், மூலையிலை இருந்தே காலம் போச்சுது" என்றார். அவர் கெட்டவரல்லர். அவருடைய கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. எனக்குத்தான் அவருடைய வாயில் இருந்த சுருட்டைப் பிடுங்க வேண்டும் போல இருந்தது.

காசிம் நானா மட்டும் சுருட்டைப் பற்றவைக்கவில்லை. விரல்களுக்குள் உருட்டி மணந்துவிட்டு, அப்பாவைப் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் பார்த்தார். சுருட்டைச் சேட்டுப் பைக்குள் வைத்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, இறந்தவரைப் பற்றிப் பாட்டும் உரையுமாக அச்சிடும் புத்தகத்தைக் கல்வெட்டு என்போம். மாமியின் கல்வெட்டை எழுத முந்தாநாள், ஊரில் பாட்டுக் கட்டுகிற பழைய வாத்தியாரான சட்டம்பியார் வந்தார். "அவாவைப் பற்றி விசேஷமாய் என்ன போடுறது?" என்று கேட்டார்.

"என்னத்தைப் போடுறது. எங்களோடை இருந்தவா" என்றார் அப்பா.

என் வாய் என்னைக் கேட்கவில்லை. "பாணி மாமிதானே..."

"பெரியாக்கள் கதைக்கேக்கை என்ன வாய்?" என்று அப்பா அதட்டினார்.

சட்டம்பியார் போன பிறகு அப்பா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இன்னொருக்கா அந்தக் கதை எடுத்தியெண்டால் பள்ளிக்கூடம் நிண்டிடும். நாலு குடும்பம் இந்தக் கொட்டிலிலை சாப்பிடுது. விளங்குதோ?" விளங்கியது. அவர் சொன்ன விதத்தில் கோபத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது என்பதும் விளங்கியது.

என் எழுத்து வடிவாக இருக்கும் என்று சட்டம்பியார் கல்வெட்டைப் படியெடுக்கும் வேலையை என்னிடம் தந்திருக்கிறார். நாளைக் காலை ரயிலில் அப்பா அதை யாழ்ப்பாணத்து அச்சகத்துக்குக் கொண்டு போகிறார். பாட்டு இருபது. மாமியைப் பற்றிய உரை மூன்று வரி. பணிவுள்ளவர், பக்தியுள்ளவர், தமையனுக்குப் பாரமாக இராதவர். மூன்றும் உண்மை. ஆனால் அந்த மூன்று வரிக்குள் மாமி இல்லை.

இதை எழுதத் துணிந்ததற்கு நேற்றைய விடியல்தான் காரணம். செத்தவீட்டோடு பூட்டிய கொட்டிலைத் திரும்பத் திறந்ததும், மாமி வைத்துவிட்டுப் போன பாணி முடிந்துவிட்டது. குசினிக்குப் பின்னால் அப்பா தனியே அடுப்பு மூட்டினார். பானையை இறக்கினார். கராம்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். வெகுநேரம் நின்றார். விரலை வைத்துப் பார்த்தார். திரும்பவும் நின்றார். கடைசியில் கராம்பைப் போட்டதும் அந்த வாசம் எழுந்தது. அப்பா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மூன்று வரிக்குப் பதிலாக இந்தத் தாள்களை வைக்கிறேன். மாமியின் கடைசிப் பாணியில் செய்த சுருட்டு ஒன்றையும் தாள்களுக்கு நடுவே வைத்துக் கட்டுகிறேன். கட்டைக் கையில் எடுத்ததும் அப்பாவுக்கு வாசம் தெரியும். தெரிந்து பிரித்துப் பார்ப்பார். இதைக் கிழிக்கலாம். அல்லது கட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு ரயில் ஏறலாம். ஆனால் அவருக்குத் தெரியாமல் இதை அனுப்பினால், திரும்பவும் ஒன்றைத் தட்டிக்குப் பின்னால் ஒளித்தது போலத்தான் இருக்கும்.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அப்பா ரயில் ஏறியிருக்கிறார். அந்தியேட்டி நாளான இன்றைக்கும் உங்கள் முன்னால் வெற்றிலைத் தட்டம் வந்திருக்கும். வேலாயுதம் அண்ணை, நீங்களும் எடுத்திருப்பீர்கள். ஒரு நிமிடம் பற்றவைக்காமல் மூக்கருகே பிடியுங்கள். முதலில் வருவது பாலைப்பழம். பொறுத்திருங்கள், கராம்பு கடைசியில் வரும். அது வருமட்டும் அடுப்படியில் நின்றவர் பூமணி மாமி.

போயிட்டு வாங்கோ மாமி.