கம்பெனிக்குக் கால் ஏது?

இரும்பு கேட் செய்பவரைத் தெருவே 'கிரில் அண்ணன்' என்றுதான் கூப்பிடும். ஆடிட்டர் பேச்சைக் கேட்டு வெல்டிங் பட்டறையைக் கம்பெனியாக மாற்றினாரே, அன்றைக்குத் தொடங்கியது தலைவலி. கம்பெனியில் இருப்பதே அவரும் மனைவியும்தான். "சட்டப்படி கம்பெனி ஒரு தனி ஆளுங்க" என்றார் ஆடிட்டர். இவரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார், மண்டையில்தான் ஏறவில்லை. டைரக்டர்கள் கூட்டம் அடுப்படியில் நடக்கும். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே "சம்மதம்" என்பாள். அந்த மூன்றாவது ஆள் எங்கேதான் உட்கார்ந்திருக்கிறான் என்று இவர் சுற்றுமுற்றும் பார்ப்பார்.

போன வாரம் அவர்கள் மாட்டிய கேட் ஒன்று கீல் விட்டுச் சாய்ந்து, வர்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டரின் காலை நசுக்கிவிட்டது. பெயிண்டர் இவருக்குச் சின்ன வயசுக் கூட்டாளி. பதறியடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடப் பார்த்தவரைக் கம்பெனி வக்கீல் மடக்கினார்.

"மன்னிப்பு கின்னிப்புன்னு போய் நிக்காதீங்க. தப்பு கம்பெனியோடது. நீங்க வேற, அது வேற."

"அப்போ அது போய்ப் பார்க்குமா சார்?"

"அதுக்குக் கால் ஏதுங்க?"

"காலே இல்லாதவன் எப்படி சார் அடுத்தவன் காலை உடைச்சான்?"

வக்கீல் தண்ணீர் குடித்தார். "கம்பெனி ஆளா போகாதீங்க. அவ்வளவுதான் சொல்வேன்."

நாலு நாள் தூக்கமே இல்லை. கூட்டாளி நம்மை என்ன நினைப்பான் என்றே புரண்டு படுத்தார். ஐந்தாம் நாள் பட்டறையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். வார்டு வாசலில்தான் கவனித்தார், சட்டைப் பையில் கம்பெனி பேர். ஐயையோ! அங்கேயே கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பெயிண்டர் ஏற இறங்கப் பார்த்தார். "என்னடா கோலம் இது?"

"கம்பெனி தெரியக் கூடாதுன்னு..."

"அந்தக் கீலை யாருடா பத்த வெச்சது?"

'கம்பெனி' என்று சொல்ல வாயெடுத்தார். எந்தக் கம்பெனி வந்து வெல்டிங் ராடைப் பிடித்தது? அழுகைதான் வந்தது.

"நான்தான்டா. அவசரத்துல ஒரு பக்கம் மட்டும் பத்த வெச்சிட்டேன்."

பெயிண்டர் நீளமாக மூச்சு விட்டார்.

"இத்தனை நாளா எவனைக் கேட்டாலும் கம்பெனி, கம்பெனிங்கறான். யார் மேல கோவப்படறதுன்னே தெரியாம கெடந்தேன். உக்காருடா, உன்னைத் திட்டணும்."

கிரில் அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.