மூடுபனியில் என் குரல்

மதியச் சோற்றை எடுத்துக்கொண்டு மகள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். திக்கிப் பேசும் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்குகிற டீச்சர் அவள். எதிரே ஒரு சிறுமி தன் பெயரைச் சொல்ல முடியாமல் முதல் எழுத்திலேயே நின்றாள். பக்கத்திலிருந்த அவள் அம்மா வாயெடுக்க, என் மகள் கையமர்த்தினாள். எல்லோரும் அந்தப் பிள்ளையின் வாயையே பார்த்துக் காத்திருந்தோம். எனக்குக் குரங்கணி மேட்டு மூடுபனி கண்ணில் இறங்கியது.

எழுபதுகளில் ஆத்தாவோடு அங்கே ஏலக்காய் பறிக்கப் போவேன். ஈர மண்ணும் பச்சைக் காயும் கலந்து மணக்கும். பனி மூடினால் அடுத்த செடி தெரியாது. அதனால் சாயங்காலம் ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவளே குரல் கொடுத்தால்தான் கூட்டம் ஜீப் ஏறிக் கீழே இறங்கும்.

"ஏ ராமாயீ!"

அது என் பெயர். வாயைத் திறந்தேன், சொல் முதல் எழுத்திலேயே நின்றது. நானும் திக்குவாய்தான்.

"இந்தா, எம்பக்கத்துலதான் நிக்கிறா. வெரசா வாங்கடி, ஜீப்பு போயிரும்" என்றாள் சின்னம்மா.

"போனாப் போகட்டும். எம்மக வாயால வரட்டும்" என்றாள் ஆத்தா.

"அப்ப விடிஞ்சாப்லதான்!" என்று யாரோ சிரித்தார்கள்.

ஜீப்பின் சத்தம் பனிக்குள் தேய்ந்து மறைந்தது. யாரும் நகரவில்லை.

"வ… வந்தேஏஏன்!"

சரிவெல்லாம் என் குரல் உருண்டது. ஊர்வரைக்கும் நடந்தே இறங்கினோம். ஆத்தா ராணி மாதிரி முன்னால் நடந்தாள்.

பள்ளிக்கூட மணி அடித்தது. சோறு ஆறுகிறதே என்று சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டேன். மகள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"க… கஸ்தூரி" என்றது பிள்ளை.