பல்லில் அரைபட்ட மண்

வேர்க்கடலை விதைக்கும் முன்பு, எங்கள் நகரி நிலத்து மண்ணைப் பையில் கட்டிக்கொண்டு திருப்பதி மண் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். மடியில் இருந்த இரண்டரை வயது மகள் பஸ்ஸிலேயே பையைப் பிரித்து ஒரு வாய் தின்றுவிட்டாள்.

கூடத்தில் இருந்தவர் ஒல்லியானவர். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தார். அவருடைய கட்டைவிரல் நகம் செம்மண் நிறத்தில் இருந்தது. அழாத குறையாக அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“நெலத்துல உரம், மருந்து எதுனா போட்டீங்களாம்மா?”

“போன அறுவடைக்கு அப்புறம் ஒண்ணும் போடல சார்.”

“அப்ப பரவாலேது. வாயக் கொப்பளிக்க வைங்க. வயித்துப் பூச்சிக்கு மருந்து குடுக்கலாமான்னு டாக்டராண்ட கேட்டுக்கோங்க.”

பிறகு மண்ணை நனைத்து, விரல்களுக்கிடையே நாடாபோல் தள்ளினார். ஓர் அங்குலம் வருமுன் அது முறிந்தது. அடுத்து ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தார்.  அப்படியே மகளிடம் குனிந்து கேட்டார்.

“இன்னா கண்ணு, நறநறன்னு இருந்துச்சா, மாவாட்டம் இருந்துச்சா?”

“நறநற.”

“கரெக்ட். மணல் தூக்கல். கடலைக்கு நல்ல மண்ணு.” தொட்டியில் துப்பினார். “நீ முழுங்கிட்ட, நான் துப்பிட்டேன். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.”

வாசல் குழாயில் அவளை நான்கு முறை கொப்பளிக்க வைத்தேன். ஐந்தாவது முறையும் வேண்டுமோ என்று யோசித்தேன். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, என் விரலில் ஒட்டியிருந்த மண்ணைப் பல்லில் வைத்தேன். நறநற. அந்த மனிதர் இதுவரை எத்தனை ஊர் நிலங்களைக் கடித்திருப்பார் என்று நினைக்க நினைக்க, திரும்பும் பஸ் புத்தூர் தாண்டியும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.