பூனையின் புத்தகத்துக்கு நான் போட்ட தையல்

என் தம்பி பல் கட்டுகிறவன். பல் டாக்டர் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். அந்த அளவுக்குப் பல் செட் செய்து கொடுப்பது இவன் வேலை. பத்தொன்பது வருடம் அதே லேப், அதே முக்காலி, அதே ஜன்னல். கையில் மெழுகுக் கத்தி, எதிரே சின்ன விளக்கு, மூக்கு நுனியில் கண்ணாடி. கழுத்து இப்போது முழுதாக நிமிராது. யாரோடு பேசினாலும் அவர்கள் வாயைத்தான் பார்ப்பான்.

அவன் செய்த பற்களை யார் போட்டிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. ஒரே ஒரு முறை, பேருந்தில் எதிர் சீட்டில் இருந்த அம்மா கொட்டாவி விட்டபோது, "அக்கா, அது என் பல்லு" என்று என் காதோடு சொன்னான்.

"எப்படிடா தெரியும்?"

"இடது கோரைப்பல்ல லேசா திருப்பி வச்சேன். அந்தம்மா பழைய போட்டோல அப்படித்தான் இருந்துச்சு."

இறங்கும் வரை அந்த அம்மா இன்னொரு தடவை வாயைத் திறக்க மாட்டாரா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குப் போய்விட்டேன். அவன் படித்தான். எங்கள் வீட்டில் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியது அவனுடையதை மட்டும்தான். வருகிறவர்களிடம் அதைக் காட்டினால், "டிப்ளமாதான்க்கா, விடு" என்பான். நான் விட்டதில்லை.

அப்பா பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தபோது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. நான் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருந்தேன். மத்தியானம் ஒரு எட்டு போய் அப்பாவைப் பார்ப்பேன். மீதி நேரமெல்லாம் அவன் பாடு. திருப்பிப் படுக்க வைப்பது, துடைத்துவிடுவது, மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது என்று ஒன்பது வருடம். பெண் பார்க்கலாமா என்று நான் பேச்செடுக்கும்போதெல்லாம், "இந்த வீட்டுக்கு யாருக்கா வருவா?" என்று சிரிப்பான். கடைசி இரண்டு வருடத்தில் வந்தது ஒரு பூனை.

லேப்புக்குப் பின்னால் ஜெனரேட்டர் கூண்டுக்குள் கிடந்த குட்டி அது. சாம்பல் நிறம், ஒரு காது மட்டும் கறுப்பு. வந்த அன்றே வீட்டை ஓர் அறை விடாமல் சுற்றியது. அலமாரிக்கு அடியில் எட்டிப் பார்த்தது. தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஏறி நின்று, வேலை ஒன்றும் சரியில்லை என்பதுபோல எங்களைத் திரும்பிப் பார்த்தது. அப்பா கோணிய வாயோடு "மேஸ்திரி" என்றார். அந்த வருடம் அவர் தெளிவாகச் சொன்ன வார்த்தைகள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று. அதுவே பெயராகிவிட்டது. அப்பாவின் கால்மாட்டில்தான் படுக்கும். அப்பா போன பிறகும் அதே கட்டிலில் அதே மூலையில் படுத்தது. தம்பி அந்தக் கட்டிலை நகர்த்தவே இல்லை.

அப்பா போய் ஒரு வருடம் ஆனபோது, முன்பு அவனோடு வேலை பார்த்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டார். அங்கே பெரிய லேப். கையால் மெழுகு வேலை தெரிந்த ஆள் வேண்டுமாம். வீடியோவில் பேசினார்கள். தம்பி தான் செய்த செட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டினான். நான் அடுத்த அறையில் மூச்சு விடாமல் நின்றேன். மூன்றாம் நாள் வேலைக்கான கடிதம் வந்துவிட்டது. விசா வரத்தான் ஐந்து மாதம் ஆனது.

"மேஸ்திரியும் வரும்னு சொல்லிட்டேன்" என்றான்.

"என்ன சொன்னாங்க?"

"பூனைதானே, கூட்டிட்டு வாங்கன்னாங்க."

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். "பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறவன் உண்டு, புள்ளையக் கூட்டிட்டுப் போறவன் உண்டு. உன் தம்பி மேஸ்திரியக் கூட்டிட்டுப் போறான். அங்க என்ன, மாடி எடுக்கப் போறானா?"

"மாமா, மேஸ்திரி கெடைச்சாச்சு. நீங்க சித்தாளா வர்றீங்களா?" என்றான் தம்பி. பல நாளுக்குப் பிறகு அவன் அப்படிப் பேசி அன்றுதான் கேட்டேன்.

பூனை நாடு விட்டு நாடு போவதென்றால் சும்மா இல்லை. தோலுக்கடியில் அரிசி அளவுக்கு ஒரு சிப் வைக்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். அது உடம்பில் பிடித்திருக்கிறதா என்று ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒரு புத்தகத்தில் டாக்டர் எழுதி, ஊசி மருந்துக் குப்பியின் சீட்டை ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மாதம் தாண்டிய பிறகு, பயணத்துக்குச் சில நாள் முன்னால் அரசு அலுவலகத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். தம்பி லேப்பில் அரை நாள் அரை நாளாக லீவு போட்டு இதையெல்லாம் வரிசை தப்பாமல் முடித்திருந்தான். பயணத்துக்கு வாங்கிய கூண்டைத் திறந்து வைத்துப் பூனையை அதற்குள்ளேயே சாப்பிடப் பழக்கியிருந்தான். சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அதற்குள் அந்தப் புத்தகத்தில் நான் கை வைத்தேன்.

நகல் எடுப்பதற்காகப் புத்தகத்தை என்னிடம் கொடுத்திருந்தான். பார்க்கவே மனசு கேட்கவில்லை. அட்டையில் மெழுகு சொட்டியிருந்தது. ஒரு மூலையை மேஸ்திரி கடித்துத் துப்பியிருந்தது. நடுவில் குத்தியிருந்த கம்பிப் பின் துருப்பிடித்து, நாலு பக்கம் தனியாக ஆடியது. இப்படி ஒரு புத்தகத்தை என் தம்பி வெளிநாட்டு அதிகாரி முன்னால் நீட்டுவதா? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அச்சகத்தில் உட்கார்ந்து பின்னைக் கழற்றினேன். கிழிந்த இடத்தில் மெல்லிய தாள் ஒட்டினேன். நூல் தையல் போட்டேன். கருநீல ரெக்ஸின் அட்டை. கடிபட்ட ஓரம் அசிங்கமாக இருந்ததால் கட்டிங் மெஷினில் வைத்து மூன்று பக்கமும் ஒரு நூல் அளவு வெட்டி நேராக்கினேன். தம்பி வாங்கிப் பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி இருக்குக்கா" என்று இரண்டு தடவை தடவிப் பார்த்தான். அதில் தப்பு இருக்கும் என்று அவனுக்கும் தோன்றவில்லை.

சான்றிதழ் அலுவலகத்தில் இருந்த அதிகாரி அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். புத்தகத்தை வாங்கியவர் பக்கத்தைத் திறக்காமல் அட்டையின் முதுகைத் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு பண்ணது?"

"நான்தாங்க" என்றேன். குரலில் பெருமை இருந்தது. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"வேலை சுத்தமா இருக்கு." அப்புறம் பக்கத்தின் கீழ் மூலையை விரலால் தேடினார். "இங்க நம்பர் அச்சடிச்சிருக்குமே, எங்கம்மா?"

நான் வெட்டிய ஓரத்தோடு போயிருந்தது.

"பின்னையும் எடுத்துட்டீங்க, நம்பரும் இல்ல. நடுவுல ஒரு தாளை எடுத்துட்டு வேற தாள் சேர்த்திருந்தா நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அப்படியெல்லாம் பண்ணலீங்க."

"நீங்க பண்ணலன்னு எனக்குத் தெரியுதும்மா. அங்க இறங்குற எடத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியாதே. பூனைய அங்க பிடிச்சு வச்சுட்டா அப்புறம் யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது."

தம்பி மெதுவாகக் கேட்டான்: "ரத்தப் பரிசோதனைத் தாள் தனியா இருக்குங்களே மேடம். அது செல்லாதா?"

"எந்த ஊசிக்கு அப்புறம் எடுத்த ரத்தம்னு இந்தப் புத்தகம்தானே சொல்லணும். ஊசி போட்ட டாக்டர்கிட்ட கேக்கலாமா?"

ஊசி போட்ட டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு எங்கோ மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதைச் சொன்னோம். அந்த அம்மா ரெக்ஸின் அட்டையைத் துடைத்து எங்கள் பக்கம் நகர்த்தினார். "புதுப் புத்தகம் போட்டு, ஊசியிலிருந்து ஆரம்பிங்க. ஊசிக்கு அப்புறம் ஒரு மாசம். ரத்தம் எடுத்து மூணு மாசம். வேற வழி இல்ல."

விமானத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

பேருந்தில் கூண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. தம்பி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்து கூண்டைத் திறந்துவிட்டான். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பா கட்டிலில் உட்கார்ந்தான்.

"நான் போகலக்கா."

"நாலு மாசம் தள்ளிக் கேளுடா."

கேட்டான். மரியாதையாகத்தான் பதில் வந்தது: இரண்டு வாரம் வேண்டுமானால் பொறுக்கலாம், அதற்கு மேல் இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியாது. இங்கே அவன் முக்காலியில் ஏற்கனவே வேறு ஆள் வந்து உட்கார்ந்தாயிற்று. அங்கேயும் போகாமல், இங்கேயும் இல்லாமல், நாற்பத்திரண்டு வயதில் என் தம்பி நிற்கப் போகிறான். காரணம் என் ஊசியும் நூலும்.

மூன்று நாள் அவன் வீட்டுக்குப் போய்ப் போய் வந்தேன். நாலாம் நாளும் கடைக்குப் போய் வந்து செருப்போடு கட்டிலில் உட்கார்ந்திருந்தவனிடம் சொன்னேன்: "நீ போ. மேஸ்திரிய நான் அனுப்புறேன்."

"உன்கிட்ட அது வராதுக்கா."

"வர வேண்டாம். இருந்தா போதும்."

"சாப்பிடாது. ஒளிஞ்சுக்கும்."

"ஒளியட்டும். நாலு மாசம் எங்க வீட்டுப் பரண் மேலயே குடித்தனம் பண்ணட்டும்."

கூண்டைப் பக்கத்தில் இழுத்து அதன் கொக்கியைப் போட்டுப் பார்த்தான். பிறகு, "புதுப் புத்தகத்தை நீ கையில வாங்கக் கூடாது. டாக்டர்கிட்டயே இருக்கட்டும்" என்றான்.

"சரி."

"மேஸ்திரி காதுலயும் ஒரு ஓரம் கிழிஞ்சிருக்கு. அதையும் வெட்டி நேராக்கிடாத."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அவன் எழுந்து செருப்பைக் கழற்றினான்.

அவன் போன அன்று பூனை பரண் மேல் ஏறியது. இரண்டு நாள் இறங்கவில்லை. மூன்றாம் நாள் வைத்த சாப்பாடு குறைந்திருந்தது. வீட்டுக்காரர், "நான் சாப்பிடல, சத்தியமா" என்றார். வீடியோவில் தம்பியின் குரலைக் கேட்டால் போனுக்குப் பின்னால் போய்த் தேடும். அவன் அங்கே இல்லை என்று தெரிந்ததும் அன்று முழுக்கப் பரணை விட்டு வராது. அதனால் பூனை எதிரில் பேசுவதை விட்டுவிட்டோம்.

ஊசிக்கு ஒரு நாள், ரத்தத்துக்கு ஒரு நாள், ரத்தம் போதவில்லை என்று மறுபடி ஒரு நாள். அச்சகத்தில் சொல்லிவிட்டுக் கூண்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப் போவேன். கிளினிக் பெஞ்சில் நாய்களுக்கு நடுவே மடியில் கூண்டோடு உட்கார்ந்திருப்பேன். மணிக்கட்டெல்லாம் கீறல். மறுநாள் பசை கலக்கும்போது ஒவ்வொரு கீறலும் எரிந்து எங்கே இருக்கிறதென்று சொல்லும். டாக்டர் புத்தகத்தில் எழுதுவதைத் தள்ளி நின்று பார்ப்பேன். சீட்டைக் கோணலாக ஒட்டுவார். கை பரபரக்கும். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

தம்பி அங்கே நன்றாக இருப்பதாகத்தான் சொன்னான். ஓர் அறை, ஒரு ஜன்னல், நடந்து போகும் தூரத்தில் வேலை. முதல் மாதம் அவன் செய்த செட்டுகளை மேலே இருப்பவர் குறை சொல்லித் திருப்பியே அனுப்பவில்லையாம். நான் அச்சகத்தில் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் திரையில் அவன் கழுத்து இன்னும் கொஞ்சம் இறங்கித் தெரிந்தது. "சாப்டியா?" என்று கேட்டால், "ம்" என்பான். அந்த "ம்" எனக்குத் தெரியும். அப்பாவைப் பார்த்துக்கொண்ட காலத்தில் சாப்பிடாத நாளில்தான் அப்படிச் சொல்வான்.

நாலு மாதம் பத்து நாள் கழித்து, அதே அதிகாரி அம்மா புதுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். விமான நிலையத்தில் சரக்கு வாங்கும் கவுண்டரில் கூண்டை எடை போட்டார்கள். மேஸ்திரி கத்தவில்லை. கூண்டின் பின்பக்கத்தோடு ஒட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தது. "கூப்பிட்டுப் பாருங்க, திரும்பும்" என்றார் கவுண்டர்காரர். நான் கூப்பிடவில்லை. திரும்பியிருந்தால் என்னால் விட்டுவிட்டு வந்திருக்க முடியாது. வீட்டுக்கு வந்து, புடவைகூட மாற்றாமல் படுத்தேன்.

மறுநாள் தம்பி போன் செய்தான். "வந்துடுச்சுக்கா. அங்கயும் தாளெல்லாம் சரின்னுட்டாங்க."

"சாப்பிட்டுச்சா?"

"இல்ல. கட்டிலுக்கு அடியில இருக்கு. கையை நீட்டினா சீறுது. என்னை மறந்துடுச்சுபோல."

அடுத்த நாளும் சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாள், வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். இதற்காகவா இத்தனையும் என்று கேட்பானோ என்று பயந்தேன். அவன் கேட்கவில்லை.

அச்சகத்தில் சாப்பாட்டு மணி அடித்து மெஷின்கள் நின்றிருந்தன. காதில் போனை வைத்துக்கொண்டு காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தேன்.

"நீ சாப்டியாடா?"

அந்த "ம்" கூட இல்லை.

"மூணு நாளா நீயும் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. ஒருத்தன் முறைச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா யாருக்குத்தான் சாப்பாடு எறங்கும்? திரும்பி உக்காரு. உன் தட்டை எடு. நீ சாப்பிடு."

பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. ரொட்டியைப் பிய்ப்பது கேட்டது. அவன் மெல்லுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் என் டப்பாவைத் திறந்து ஒரு வாய் எடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் மெல்லுவது நின்றது. மொறுமொறுவென்று வேறொரு சத்தம், தரைக்குப் பக்கத்திலிருந்து.

"அக்கா" என்றான் தம்பி, மூச்சுக் குரலில்.

"திரும்பாத. சாப்பிடு."